நல்ல எடிட்டர் அமைய

ப்ரோக்ராமராக வேலைக்குச் சேர்ந்தவர் தன் இஷ்டப்படி முடிவு செய்யக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. எந்த மொழியில் எழுதுவது என்பதை ப்ராஜெக்ட் தீர்மானித்துவிடும். எப்போது முடிப்பது என்பதைக் கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் கிளையன்ட் தீர்மானிப்பார். எந்த சீட், எந்த லேப்டாப் என்பதை ஐ.டி. சப்போர்ட் பார்த்துக்கொள்ளும். எடிட்டர் ஒன்றுதான் பாக்கி. அதிலும் கோட்டை விட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

எடிட்டர் கோட் எழுதுவதற்காகத்தான் என்ற நினைப்போடு இதைப் படிக்க ஆரம்பித்திருந்தால், அதை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். கோட் எழுத நோட்பேடு போதும். 1985-லிருந்து விண்டோஸோடு கூடவே வருகிறது, காசு கேட்பதில்லை, யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. அதனாலேயே அதற்கு மரியாதையும் இல்லை. எடிட்டர் வாய்ப்பது பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவருக்காக. ஆகவே டவுன்லோட் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

சுவர்தான் இருக்கிறது என்றால் கிடைத்ததை நிறுவிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

மானேஜர் என்றால், இடது பக்கம் கிளை கிளையாக விரியும் ஃபைல் பட்டியலும், வலது பக்கம் இன்னதென்று தெரியாத இரண்டு ஜன்னல்களும், அடியில் எதையாவது ஓடவிட்டுக்கொண்டே இருக்கும் டெர்மினலும் உள்ளதாகப் பாருங்கள். ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் இன்டெலிஜே இதற்கு உத்தமம். பெரிய ப்ராஜெக்டைத் திறந்ததும் 'இன்டெக்ஸிங்' என்று கீழே ஒரு பட்டை ஓடும். அது ஓடி முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். சீட்டில் ஆள் இல்லாததற்கான காரணம் திரையிலேயே எழுதியிருக்கும்.

கல்லூரியில் பழகியதையே வைத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நம்மூர் பொறியியல் கல்லூரிகளில் பல தலைமுறைகள் பழகியது டர்போ சி++. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. போர்லண்ட் கம்பெனி அதை 1990-ல் டாஸுக்காக வெளியிட்டது. சி++ மொழிக்கே உலகத் தரநிலை வந்தது 1998-ல்தான். அந்தத் தரநிலையைப் பற்றி டர்போவுக்கும் தெரியாது, லேப் ரெக்கார்டுக்கும் தெரியாது. புது விண்டோஸ் அதை ஓட்ட மாட்டேன் என்றதும், பழைய கம்ப்யூட்டர் மாதிரி வேஷம் போடும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் அதை உட்காரவைத்துப் பாடத்திட்டத்தைக் காப்பாற்றினார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அதில் கன்ட்ரோலோடு எஃப்9 அடித்தால் ப்ரோக்ராம் ஓடும். எந்த ப்ளகினும் வேண்டாம், எந்த கான்ஃபிக் ஃபைலும் வேண்டாம். சம்பளம் வாங்கும் ப்ரோக்ராமர் அவ்வளவு எளிமையாக வாழ்வதை உலகம் ஏற்காது என்பதால் அதை மறந்துவிடுங்கள்.

உங்களுக்குப் பின்னால் இருப்பவர் பழுத்த அனுபவசாலியான ஆர்க்கிடெக்ட் என்றால்தான் விஷயம் சீரியஸ். மவுஸைத் தொடுகிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மவுஸே வேண்டாத விம் என்ற எடிட்டரைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

விம்முக்கு அப்பா வி.ஐ. 1976 வாக்கில் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் எழுதியது. வீட்டில் அவரிடம் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலும் 300 பாட் மோடமும். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து. வரிக்கு 80 எழுத்தாக 24 வரி கொண்ட ஒரு திரையை முழுக்க நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த அவஸ்தையில் மெனுவெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருக்க முடியுமா? இரண்டு தடவை டி அடித்தால் ஒரு வரி காலி என்று கட்டளைகளை ஓரெழுத்திலும் ஈரெழுத்திலும் சுருக்கிவிட்டார். அந்தக் கீபோர்டில் அம்புக்குறிகளுக்கென்று தனிப் பட்டன் இல்லை. எச், ஜே, கே, எல் பட்டன்களின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என்று அம்பு அச்சடித்திருந்தார்கள். எஸ்கேப் பட்டன், இன்றைக்கு டாப் இருக்கிறதே, அந்த இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆக, நகர்வதற்கு அந்த நான்கு எழுத்து, எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு மாறுவதற்கு எஸ்கேப். கையில் இருந்ததை வைத்துக்கொண்டு புத்திசாலியான ஒருவர் செய்த காரியம்.

இப்போது உங்கள் கடமைக்கு வருவோம். கண்ணிமைப்பதற்குள் திரை மாறும் ஃபைபர் இணைப்பில், நான்கு அம்புப் பட்டன்கள் தனியாக உள்ள கீபோர்டில், மூலைக்குத் துரத்தப்பட்ட எஸ்கேப்பை எட்டி எட்டி அடித்துக்கொண்டே, இப்படி நகர்வதுதான் மனித விரல்களுக்கு இயற்கை வகுத்த பாதை என்று நீங்கள் வாதாட வேண்டும். லியர் சீக்லர் கம்பெனி அந்த டெர்மினலில் எந்தப் பட்டனின் மேல் எதை அச்சடித்தது என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. "கையை ஹோம் ரோவிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். பழகிவிட்டால் நிஜமாகவே வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வசதியாக இருக்கிறது என்று சொன்னால் யார் மதிப்பார்கள்? தத்துவமாகச் சொல்ல வேண்டும்.

விம்மிலிருந்து வெளியே வருவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2012-ல் ஒருவர் கேட்டார். 2017-க்குள் அந்தக் கேள்வியைப் பத்து லட்சம் தடவை பார்த்துவிட்டார்கள் என்று அந்தத் தளமே அறிவித்தது. நம்மூர் சப்போர்ட் ஷிஃப்ட்டில் அது ராத்திரி இரண்டு மணிக்கு போனில் இப்படி வரும்:

"அண்ணா, சர்வர்ல ஒரு கான்ஃபிக் ஃபைல தொறந்தேன். வெளிய வர முடியல."

"எதுல தொறந்த?"

"தெரியலண்ணா. கீழ பூரா அலை அலையா ஒரு குறி வருது."

"விம்மு. வேற எதையும் தொடாத. தொட்டியா?"

"எக்ஸிட்னு டைப் பண்ணிப் பாத்தேன்."

இந்த இடத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். காரணம் இருக்கிறது. திறந்த நிலையில் விம்முக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. 'எக்ஸிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் அது வரிசையாக நிறைவேற்றும். இ என்றால் கர்சர் சொல்லின் கடைசிக்குப் போகும். எக்ஸ் என்றால் அங்கே இருக்கும் எழுத்தை விழுங்கும். ஐ என்றால் எழுதும் நிலைக்கு மாறும். மிச்சமிருக்கும் டி அப்படியே ஃபைலுக்குள் போய் உட்காரும். வெளியே போகிறேன் என்று மரியாதையாகச் சொன்னதற்கு, ஓர் எழுத்தைத் தின்றுவிட்டு வேறோர் எழுத்தை வைத்துவிட்டது. எஸ்கேப், கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர் என்று அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி அடித்து, எதையும் சேமிக்காமல் வெளியே வந்தால் சர்வர் பிழைத்தது. கியூவுக்கு முன் ஒரு டபிள்யூவையும் சேர்த்து அடித்துவிட்டால், அடுத்த தடவை அந்த சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறவர் பாடு.

விம்மைக் குறை சொல்லும்போது ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. அதை 1991-ல் அமிகா கம்ப்யூட்டருக்காக வெளியிட்ட பிராம் மூலநார் பயனர்களிடம் கேட்டது ஒன்றுதான்: உகாண்டாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள். விம்மை வெறுமனே திறந்தால் இன்றும் அந்த வரி வரும். 2023-ல் அவர் காலமானார். வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் அந்த வரியையாவது படித்திருப்பார்கள் என்று நம்பலாம்.

ஆர்க்கிடெக்ட் கையில் லிஸ்ப் மொழிப் புத்தகம் தென்பட்டால் கதை மாறும். அவர் ஈமாக்ஸ்காரர். ஈமாக்ஸ் எடிட்டரும் 1976-தான், எம்.ஐ.டி.யில் டெக்கோ என்ற எடிட்டரின் மேல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் முதலியோர் கட்டியது. டெக்கோவில் அந்தக் காலத்து வேடிக்கை ஒன்று உண்டு: உங்கள் பெயரைக் கட்டளையாக அடித்தால் ஃபைல் என்ன கதி ஆகும் என்று ஊகிக்க வேண்டும். நம் தம்பி 'எக்ஸிட்' அடித்ததை அங்கே பொழுதுபோக்காகவே வைத்திருந்தார்கள்.

ஈமாக்ஸில் என்ன செய்யலாம் என்று கேட்பதைவிட என்ன செய்ய முடியாது என்று கேட்பது சுருக்கம். மெயில் படிக்கலாம், நாள்காட்டி பார்க்கலாம், டெட்ரிஸ் ஆடலாம். 'டாக்டர்' என்று கூப்பிட்டால், 1966-ல் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற உரையாடல் ப்ரோக்ராமின் வழிவந்த மனநல மருத்துவர் ஒருவர் வந்து உங்கள் பிரச்சினை என்ன என்று விசாரிப்பார். கான்ஃபிக் ஃபைலில் ஓர் அடைப்புக்குறி எங்கே போனது என்று தேடிச் சோர்ந்த பொழுதுகளில் அவரை அணுகலாம், ஃபீஸ் கிடையாது. ஒரே சிரமம் சுண்டுவிரல். ஈமாக்ஸ் வளர்ந்த லிஸ்ப் மெஷின் கீபோர்டுகளில் கன்ட்ரோல் பட்டன் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில், கட்டைவிரலுக்கு வாகாக இருந்தது. இப்போது அது மூலையில். நாள் முழுக்க அதை அழுத்தி வரும் வலிக்கு 'ஈமாக்ஸ் பிங்கி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சண்டை போட வேண்டுமென்றால் ஸ்டால்மனிடமே பாடம் கேட்கலாம். பழைய டிஸ்க் தட்டு ஒன்றைத் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக மாட்டிக்கொண்டு, ஈமாக்ஸ் சபையின் புனிதராக மேடையேறுவார். வி.ஐ.யை ரோமன் எண்ணாகப் படித்தால் ஆறு, மூன்று தடவை சொன்னால் பைபிளில் வரும் மிருகத்தின் எண்ணான 666 என்பார். சுதந்திர மென்பொருளாக உள்ள வி.ஐ.யைப் பயன்படுத்துவது பாவமா என்று கேட்டால், பாவமில்லை, பிராயச்சித்தம் என்பார். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸோ, மைக்ரோ ஈமாக்ஸ் என்ற குட்டி எடிட்டரைத் தானே ஒட்டுப்போட்டு வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார். இந்தத் தகவலை எந்தக் கட்சியிடமும் சொல்லாதீர்கள், இரண்டு பக்கமும் அடி விழும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்தது அலங்காரம். முதல் வாரம் கலருக்கு. வெள்ளைப் பின்னணியில் வேலை செய்கிறவரை இரவில் யாரும் மதிப்பதில்லை, பகலில் பரிதாபப்படுகிறார்கள். 2006-ல் வந்த மோனோகாயா, 2011-ல் வந்த சோலரைஸ்டா, 2013-ல் வந்த டிராகுலாவா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். திரை இருட்டாக இருந்தால் உள்ளே ஆழமாக ஏதோ நடக்கிறது என்று பொருள். இரண்டாம் வாரம் எழுத்துருவுக்கு. ஃபிரா கோட் போன்றவற்றில் ஆச்சரியக்குறியும் சமக்குறியும் ஒட்டிக்கொண்டு, குறுக்கே கோடு விழுந்த சமக்குறியாக மாறும். பக்கத்து சீட்டு ஃப்ரெஷர் அந்தக் குறியைத் தன் கீபோர்டில் அரை மணி நேரம் தேடுவான். அதுவே போதுமான வெற்றி.

தமிழில் கமென்ட் எழுதும் பழக்கமுள்ளவர்கள் மட்டும் இங்கே நிஜமாகவே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். 'கொண்டு' என்று அடியுங்கள். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று திரையைச் சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்திருக்கும் டெர்மினல்கள் பலவற்றுக்கு, ஒரே உயிர்மெய்யில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும் என்பது இன்னும் புரியவில்லை. கொம்பு ஓரிடம், ககரம் ஓரிடம் என்று கலைந்து கிடக்கும். பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து போகுமா, அதன் குறி மட்டும் போகுமா என்பது எடிட்டருக்கு எடிட்டர் மாறும். தேர்வுக்கு உருப்படியான காரணம் என்று இந்தக் கட்டுரையில் இது ஒன்றைத்தான் சொல்ல முடியும். ஆனால் இதற்காக எடிட்டர் மாற்றியவரை நான் பார்த்ததில்லை. கமென்ட்டை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஓய்வுபெறும் வரை கான்ஃபிக் ஃபைல். இதை முழுக்க நீங்களே எழுதக் கூடாது. ஒரு சீனியரிடம் வாங்க வேண்டும். அவர் தன் சீனியரிடம் வாங்கியிருப்பார். அதில் நடுவே ஒரு வரி இருக்கும். மேலே 'இதை எடுக்காதே' என்று மட்டும் குறிப்பு இருக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் திரும்பப் போட்டுவிடுங்கள். கான்ஃபிக்கின் அருமை என்னவென்றால் அது வேலை மாதிரியே இருக்கும்: கீபோர்டு சத்தம் கேட்கும், எரர் வரும், நெற்றி சுருங்கும், நேரம் போகும். காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் "என்விரான்மென்ட் செட்டப் போயிட்டிருக்கு" என்று சொன்னால், எந்த மானேஜரும் மேற்கொண்டு கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

டாப்பா ஸ்பேஸா என்ற பஞ்சாயத்து தனி. வரியை உள்ளே தள்ளி எழுத டாப் பட்டனா, நாலு ஸ்பேஸா? ஸ்பேஸ்காரர்களுக்குச் சம்பளம் அதிகம் என்று 2017-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தன் சர்வேயை அலசிச் சொன்னது. அப்ரைசலில் எடுத்துக்காட்டிப் பாருங்கள். மேக் ஃபைலில் மட்டும் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை, கட்டாயம் டாப்தான். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' கருவியை எழுதியபோது அவசரத்துக்கு அப்படி வைத்தார். சில வாரங்களில் அது சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஒரு டஜன் நண்பர்களுக்குக் காட்டிய தாட்சண்யம் அரை நூற்றாண்டாக உலகத்தையே படுத்துகிறது.

ஊரோடு ஒத்து வாழ நினைப்பவர்களுக்கு விஎஸ் கோட் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் வெளியிட்டது. பின்னணியில் இருந்தவர் 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலை எழுதிய நால்வரில் ஒருவரான எரிக் காமா. இன்றைக்கு சர்வேக்களில் நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் இதைத்தான் சொல்கிறார்கள். அதுதான் இதன் குறையும். கல்யாணத்துக்குப் போன இடத்தில் எல்லோரும் உங்கள் சட்டையையே போட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? இதற்கும் பரிகாரம் உண்டு. விஎஸ் கோடுக்குள் விம் எக்ஸ்டென்ஷனை நிறுவுங்கள். அடியில் குரோமியம் பிரவுசர், அதன் மேல் எலெக்ட்ரான், அதன் மேல் எடிட்டர், அதன் மேல் எக்ஸ்டென்ஷன், அதற்கும் மேலே 1976-ன் டெர்மினலில் அச்சடித்த நான்கு அம்புக்குறிகள். ஒரு எழுத்து இடது பக்கம் நகரும்.

எலெக்ட்ரான் என்றதும் ஆட்டம் எடிட்டருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாம். 2014-ல் கிட்ஹப் வெளியிட்டது. அதற்காகச் செய்த அடித்தளம்தான் எலெக்ட்ரான். போட்டிக்கு வந்த விஎஸ் கோட் அதன் மேலேயே வீடு கட்டியது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பையே வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது. எடிட்டரின் மேல் பாசம் வைப்பதற்கு முன் அதன் சொந்தக்காரரை யார் வாங்கக்கூடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சப்லைம் டெக்ஸ்ட் வேகமானது, அழகானது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஆனால் இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கக் காலக்கெடு எதுவும் கிடையாது. அவ்வப்போது ஒரு பெட்டி வந்து வாங்குகிறீர்களா என்று பணிவோடு கேட்கும், நீங்களும் பணிவோடு வேண்டாம் என்பீர்கள். இப்படி ஆண்டுக்கணக்கில் பரீட்சித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இப்போது ஏ.ஐ. எடிட்டர்களின் காலம். கர்சர் முதலானவை விஎஸ் கோடையே எடுத்து வேறு சட்டை மாட்டியவை. நீங்கள் பாதி வரி அடித்தால் மீதி ஃபங்ஷனைச் சாம்பல் நிறத்தில் அதுவே எழுதிக் காட்டும். ஏற்றுக்கொள்ள டாப், வேண்டாமென்றால் எஸ்கேப். ஏடிஎம்-3ஏ கீபோர்டில் எஸ்கேப் இருந்த இடம் ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு அங்கே டாப். ஒத்துக்கொள்ளும் பட்டன் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், மறுக்கும் பட்டன் எட்டாத மூலையில். கோட் ரிவ்யூவுக்கு ஏன் இவ்வளவு வந்து குவிகிறது என்று ஆர்க்கிடெக்ட் கேட்டால், கீபோர்டைக் காட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனசு ஒன்றிலும் ஒட்டவில்லை என்றால் கடைசியாக ஒன்று இருக்கிறது: எட். யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சன் எழுதியது, வி.ஐ.க்கும் மூதாதை. திரை என்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப்புக்காகச் செய்தது. ஆகவே ஃபைலில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்காமல் அது காட்டாது. லண்டன் குவீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ் அதைத் திருத்தி, சாமானியர்களுக்கான எடிட்டர் என்று பெயர் வைத்து, எழுதுவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்தார். அதைத் தாம்சனிடம் காட்டியபோது, எடிட் செய்யும்போது ஃபைலைப் பார்க்கும் தேவை தனக்கு இல்லை என்றுவிட்டாராம். எட்டில் மெனு இல்லை, ப்ளகின் இல்லை, பின்னால் நின்று பார்ப்பவருக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. தப்பாக எதை அடித்தாலும் அது சொல்லும் பதில் ஒரேயொரு கேள்விக்குறி. டார்க் தீம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், அதற்கும் அதே கேள்விக்குறிதான்.